நடந்து முடிந்ததாக எழுதவும்

மணிமங்கலம்
16 ஜூன் 2024

அன்புள்ள மெர்சி அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ் என்று முதல் வரியில் எழுதச் சொல்லி அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். எழுதிவிட்டேன். நாங்கள் மூவரும் நலம். நீ நவகன்னியர் மடத்துக்குள் போய் ஒரு மாதம் ஆகிறது. ஒரு வருஷத்துக்குப் போன் கிடையாது, வீட்டுக்கு வரக்கூடாது, வருகிற போகிற கடிதங்களை மதர் பிரித்துப் படிப்பார் என்று நீ சொன்னதை அம்மா இன்னும் நம்பவில்லை. "ஜெயில்ல கூட மனு போட்டா பாக்க வுடுவாங்க. அவ ஒழுங்கா துன்றாளான்னு கேளு" என்கிறாள். கேட்டுவிட்டேன். மதர் மன்னிக்கவும்.

எனக்கு ஒரு உதவி வேண்டும். ஒரகடம் கம்பெனியில் என்னைப் பிரஸ் ஷாப்பில் போட்டிருக்கிறார்கள். கார் கதவுக்குள் போகும் ஒரு இரும்புத் துண்டை அடிக்கிற வேலை. தகட்டை வைத்து, கையை வெளியே எடுத்து, இரண்டு பொத்தான்களையும் அமுக்கினால் மேலிருந்து டை என்கிற இரும்பு அச்சு இறங்கி அடிக்கும். அது பழகிவிட்டது. பழகாதது நியர் மிஸ் கார்டு.

விபத்து நடக்கப் பார்த்து மயிரிழையில் தப்பிய சம்பவத்துக்கு நியர் மிஸ் என்று பெயர். ஆளுக்கு மாதம் ஒன்று கார்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். சம்பவமே நடக்காவிட்டாலும் போட வேண்டும். போடாதவனுக்கு லீவு கட். கார் கம்பெனிக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து வந்து அதைப் படித்துப் பார்ப்பார்களாம். அதனால் இங்கிலீஷில் எழுத வேண்டும். கார்டின் தலையிலேயே அச்சடித்திருக்கிறது: நடந்து முடிந்ததாக எழுதவும், இடத்தைக் குறிப்பிடவும். நான் ஐ.டி.ஐ., தமிழ் மீடியம். நீ பாதியில் விட்டாலும் பி.ஏ. இங்கிலீஷ். சொல்லிக்கொடு.

உன் தம்பி
ஃபிரடி

*

திண்டிவனம்
30 ஜூன் 2024

அன்புத் தம்பி ஃபிரடிக்கு,

ஆண்டவரின் சமாதானம் நம் வீட்டில் தங்கட்டும். ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல். அப்பா இன்னும் செக்யூரிட்டி வேலையில் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்க்கிறாரா? கால் வீக்கம் எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தைப் படித்து மதரே சிரித்துவிட்டார்.

கவனமாகக் கேள். நாம் பேசும்போது இடம் முதலில் வரும், நடந்தது கடைசியில் வரும், ஆள் வராமலேகூடப் போவான். "பிரஸ் பக்கத்தில் எண்ணெயில் வழுக்கிவிட்டது" என்போம். யாருக்கு என்று கேட்டால்தான் சொல்வோம். நீ எழுத வேண்டிய இங்கிலீஷ் அப்படி இருக்காது. முதலில் ஆளைச் சொல். உடனே அவன் செய்ததைச் சொல், முடிந்துபோன காலத்தில். அதற்கப்புறம்தான் எதன்மேல், எதற்குப் பக்கத்தில், எதற்குள். நாம் "எண்ணெயில்" என்று இடத்தை வால்போலச் சொல்லோடு ஒட்டுகிறோம். அவர்கள் அந்த வாலை வெட்டித் தனிச் சொல்லாக்கி முன்னால் நிறுத்துகிறார்கள்.

ஐ ஸ்லிப்ட் ஆன் தி ஆயில் நியர் தி பிரஸ். நான், வழுக்கினேன், எண்ணெய்மேல், பிரஸ் பக்கத்தில். இதை வாய்விட்டுச் சொல்லிப் பழகத்தான் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். இதே மாதிரிப் பத்து வாக்கியங்களை இங்கிலீஷ் எழுத்தில் தனித்தாளில் வைத்திருக்கிறேன்.

உன் மெஷினில் உண்மையில் என்னென்ன நடக்கும் என்று எழுது. பார்க்காததை வைத்து அதிக நாள் ஓட்ட முடியாது.

ஜெபத்தில் உன்னை நினைக்கும்
மெர்சி

*

மணிமங்கலம்
14 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா கால் அப்படியேதான் இருக்கிறது. நின்றே பார்க்கிற வேலையில் கால் எப்படி வற்றும்? மற்றபடி சுகம்.

நீ எழுதிய வழுக்கலுக்கு எனக்குப் பரிசு கிடைத்தது. ஸ்டீல் டிபன் பாக்ஸ். அம்மா அதில் பவுடர் டப்பாவையும் சீப்பையும் போட்டு வைத்திருக்கிறாள். ஆனால் வேறு வினை வந்து சேர்ந்தது. இப்போது லைன் முழுக்க என்னிடம்தான் வருகிறது. நான் எழுதுவதைப் பார்த்து அவரவர் கார்டில் அவரவர் கையால் காப்பி அடிக்கிறார்கள். கேன்டீனில் சாப்பிட விடுவதில்லை. "டேய் ஃபிரடி, எனக்கு ஒரு வழுக்கல் குடுறா." "எனக்கு மேலேர்ந்து பொட்டி வுழுறது போதும்." "போன மாசம்தான் வழுக்கிக்கினேன், இந்த மாசம் இன்னாடா பண்றது?"

உண்மையில் என்ன நடக்கும் என்று கேட்டாய். மெஷினுக்கு இரண்டு பக்கமும் மஞ்சள் கம்பம் இருக்கும். அதில் சென்சார். கை குறுக்கே போனால் டை அப்படியே நின்றுவிடும். ஒரு எண்ணெய்த் துளி குறுக்கே விழுந்தாலும் நிற்கும். நின்றால் எண்ணிக்கை குறையும். அதனால் சூப்பர்வைசர் சங்கரநாராயணன் ஷிஃப்ட் ஆரம்பத்திலேயே பேனலில் சாவியைத் திருப்பிச் சென்சாரை அணைத்துவிட்டு, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விடுவார். மெஷினோ பழசு. சில நேரம் பொத்தானைத் தொடாமலே இன்னொரு அடி அடிக்கும். அடித்த துண்டு உள்ளே மாட்டிக்கொண்டால் இடுக்கியால் எடுக்க வேண்டும் என்று சுவரில் எழுதியிருக்கிறது. இடுக்கியால் எடுத்தால் டார்கெட் வராது. எல்லாரும் கையால்தான் எடுக்கிறோம். சங்கரநாராயணன் பார்த்துக்கொண்டே போவார்.

எங்கள் லைனின் ஒரே நிஜ நியர் மிஸ் இதுதான். இதை எழுதினால் அடுத்த நாள் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும்.

பக்கத்து மெஷினில் தமிழ்வாணன் என்று ஒருவன். கழுகுமலைப் பக்கம். வல்லத்தில் ஆறு பேரோடு ரூமில் இருக்கிறான். தினமும் அவன் முட்டையில் பாதி எனக்கு, என் பொரியலில் பாதி அவனுக்கு. அவன் சொன்னான்: "உங்க அக்காட்டச் சொல்லி எனக்கு ஒரு நல்ல ஆபத்தா எழுதி வாங்குலே. டிபன் பாக்ஸு நமக்கும் ஒண்ணு கெடைக்கட்டும்."

நல்ல ஆபத்தாக ஒன்று அனுப்பு.

ஃபிரடி

*

திண்டிவனம்
4 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். எனக்குச் சாப்பாட்டு அறையில் இங்கிலீஷ் வாசிக்கிற பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் பேசாமல் சாப்பிட, நான் நின்றுகொண்டு புனிதர்களின் வாழ்க்கையை வாசிப்பேன். கடைசியாகத்தான் எனக்குச் சோறு. ஆறியிருக்கும். அம்மாவிடம் சொல்லாதே.

தமிழ்வாணனுக்கு: ஐ புட் மை ஹேண்ட் இன்டு தி பிரஸ் அண்ட் புல்ட் அவுட் தி பார்ட். நான் பிரஸ்ஸுக்குள் கையை வைத்தேன், துண்டை வெளியே இழுத்தேன். அடுத்து, தி டை கேம் டவுன் பிஹைண்ட் மை ஃபிங்கர்ஸ். என் விரல்களுக்குப் பின்னாலேயே டை இறங்கியது. படிக்கிறவர் நெஞ்சு ஒரு நொடி நின்றுவிடும். டிபன் பாக்ஸ் நிச்சயம். எழுதி முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. காலேஜில் இப்படி ஒன்றை எழுத விட்டதில்லை.

"பொய்யை இவ்வளவு நன்றாக எழுதலாமா சிஸ்டர்?" என்று மதர் கேட்டார். தம்பிக்கு லீவு கட் ஆகும் என்றேன். முத்திரை குத்திவிட்டார்.

அந்தச் சாவி விஷயத்தை யாரிடமும் சொல்ல வழியே இல்லையா? யோசித்து எழுது.

மெர்சி

*

மணிமங்கலம்
8 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். மாதா பிறந்தநாளுக்கு அம்மா பாயசம் வைத்தாள். ஓ.டி. நிறைய இருந்ததால் போன மாதம் எழுத முடியவில்லை. மழை சரியாக இல்லை. அப்பாவுக்குப் புது யூனிஃபார்ம் கொடுத்தார்கள்.

தமிழ்வாணனுக்கு டிபன் பாக்ஸ் கிடைத்தது. அவன் இப்போது லீவில் இருக்கிறான்.

ஒரு சந்தேகம். ஒருவன் தமிழில் சொல்லச் சொல்ல அவனுக்காக இன்னொருவன் இங்கிலீஷில் எழுதினால், "நான்" என்று எழுத வேண்டுமா, "அவன்" என்றா?

ஃபிரடி

*

திண்டிவனம்
22 செப்டம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் நன்றாக இல்லை. மழையும் யூனிஃபார்மும் உன் கடிதத்தில் வருகிற விஷயங்களே இல்லை. நீ எப்போது நலம் நலமறிய ஆவல் என்று எழுதினாய்? பேனாவை அழுத்தி அழுத்தித் தாளே கிழிந்திருக்கிறது.

முட்டையில் பாதி கொடுக்கிறவன் லீவில் போனால் நீ ஒரு பக்கம் திட்டி எழுதியிருப்பாய். அவனுக்கு என்ன ஆயிற்று? யாருக்காக யார் எழுத வேண்டும்?

சாப்பிடுகிறாயா? அம்மாவும் அப்பாவும் நலமா?

உன் கேள்விக்குப் பதில்: அவன் சொல்வதை அவன் சொன்னபடியே எழுதுவதானால் "நான்" என்றுதான் எழுத வேண்டும். எழுதுகிறவன் அதில் எங்கேயும் வரமாட்டான்.

மெர்சி

*

மணிமங்கலம்
6 அக்டோபர் 2024

அக்கா,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். மதர் படித்தால் படிக்கட்டும்.

ஆகஸ்ட் கடைசியில், காலை டீக்கு முன்னால், தமிழ்வாணனின் வலது கையில் டை இறங்கிவிட்டது. துண்டு மாட்டியது, கையால் எடுத்தான், பொத்தானை யாரும் தொடவில்லை. மெஷின் தானாக இன்னொரு அடி அடித்தது. அன்றைக்கும் சென்சார் அணைந்துதான் இருந்தது. சங்கரநாராயணன் சாவியைத் திருப்பியதை நானும் பார்த்தேன். இரண்டு விரல்கள் போய்விட்டன. மூன்றாவதில் பாதி இருக்கிறது. அவன் கத்தவே இல்லை. "லே, என் கையப் பாருலே" என்று என்னிடம் நீட்டினான், ஏதோ அழுக்கைக் காட்டுகிற மாதிரி.

ஆம்புலன்ஸ் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பதிவாகிவிடும். மேனேஜர் காரில் சீட்டுக்குப் பிளாஸ்டிக் விரித்து ஏற்றிப்போனார்கள். மெஷினைக் கழுவி மத்தியானமே ஓட்டினோம். நானும் ஓட்டினேன். விபத்தே இல்லாத நாட்கள் என்று கேட்டில் ஒரு பலகை இருக்கிறது. மறுநாள் காலையில் அதில் ஒரு எண் கூடியிருந்தது.

இப்போது கம்பெனிக்குள்ளேயே ஒரு என்கொயரி. மெஷின் மேல் தப்பு என்றால் கம்பெனி அவனுக்கு ஏதாவது ஒரு வேலை கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அவன்மேல் தப்பு என்றால் டிரெய்னிங் ரத்து, ஊருக்குப் போக வேண்டியதுதான். அவர்கள் கையில் என்ன ஆதாரம் இருக்கிறது தெரியுமா? நீ எழுதிக்கொடுத்த கார்டு. பெரிதாக்கிச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். பிரஸ்ஸுக்குள் கையை வைத்தேன் என்று அவனே, அவன் கையெழுத்திலேயே, விபத்துக்கு முன்னாலேயே ஒத்துக்கொண்டிருக்கிறானாம். அப்போதே எச்சரித்தார்களாம். எச்சரிக்கவில்லை அக்கா, டிபன் பாக்ஸ் கொடுத்துக் கை தட்டினார்கள்.

போன மாத ஆரம்பத்திலேயே சங்கரநாராயணன் என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார். "நீதான் நல்லா இங்கிலீஷ் எழுதறியே. அவன் ஸ்டேட்மென்ட்ட நீயே எழுதிக் குடு. அவன் ஆயிரம் சொல்லுவான். எல்லாம் எதுக்கு? கார்டுல என்ன இருக்கோ அதோட ஒத்துப்போனா போதும்" என்றார். எழுதிக் கொடுத்தால் என்னைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்து குவாலிட்டி டேபிளில் போடுவார்களாம். அடுத்த வருஷம் நீலச் சட்டை. நீலச் சட்டை என்றால் பெர்மனென்ட்.

எழுத மாட்டேன் என்றால் அந்த மெஷினுக்கே ஆள் இல்லை, நீ போ என்பார். தமிழ்வாணன் மெஷினுக்கு.

கார்டெல்லாம் பொய், நாங்கள் எல்லாரும் கற்பனையில்தான் எழுதினோம் என்று சொன்னால் லைன் முழுக்கப் பொய் சொன்னதாக ஆகும். பதினெட்டாம் தேதி என்கொயரி. அதற்குள் சொல். உன் வாக்கியம்தான் அது. என்ன செய்யட்டும்?

ஃபிரடி

*

மணிமங்கலம்
27 அக்டோபர் 2024

அக்கா,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. தினமும் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அம்மாவிடம் கேட்டேன். "அவளுக்கு ஜெபம் செய்யவே நேரம் பத்தாது, சும்மா கெட" என்றாள்.

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தமிழ்வாணன் எதிரில் உட்கார்ந்திருந்தான். கட்டுப் போட்ட கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு சொன்னான்: "சார் சாவியத் திருப்பிட்டுப் போனாருல்லா, பொறவு பீஸு மாட்டுச்சு. நான் பொத்தானத் தொடலலே. அதுவா வந்து அடிச்சிட்டு." நான் இங்கிலீஷில் எழுதினேன்: ஐ புட் மை ஹேண்ட் இன்டு தி பிரஸ் வித்தவுட் பெர்மிஷன். அனுமதியில்லாமல். அந்த ஒரு சொல் மட்டும் சங்கரநாராயணன் சொல்லிக்கொடுத்தது. மிச்சம் உன்னுடையது.

"நாஞ் சொன்னத எழுதிட்டியாலே?" என்றான். எழுதிட்டேன் என்றேன். இடது கையால் கையெழுத்துப் போட்டான். அவன் பெயரை அவனே முதல் தடவை எழுதுகிற மாதிரி இருந்தது. "நீ இருக்கப்போயித்தான் தைரியமா இருக்கேன்" என்றான்.

நீ சொன்னது சரி. எழுதுகிறவன் அதில் எங்கேயும் வரவில்லை.

குவாலிட்டி டேபிளில் உட்கார்ந்திருக்கிறேன். ஃபேன் இருக்கிறது. நீ சுகமாக இரு.

ஃபிரடி

*

திண்டிவனம்
10 நவம்பர் 2024

ஃபிரடி,

இந்தக் கடிதத்தை மதர் படிக்கவில்லை. பால் கொண்டுவரும் செல்லம்மாள் தன் பையில் வைத்துத் தபாலில் போடுகிறாள். அகப்பட்டால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அக்டோபரிலேயே உனக்குப் பதில் எழுதினேன். அதைக் கிழிக்காமல் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டு மதர் சொன்னார்: "நீ உலகத்தை விட்டு வந்தவள். கம்பெனி விவகாரம் மடத்துக்கு வேண்டாம். ஜெபிக்கிறேன் என்று ஒரு வரி எழுது." அந்த ஒரு வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் எதுவுமே எழுதாமல் இருந்தேன். நீ தனியாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தாய்.

நான் அந்த மெஷினைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. டிபன் பாக்ஸுக்காக ஒருவனுடைய கையைத் தூக்கி உள்ளே வைத்தேன். அழகாக வந்திருக்கிறது என்று பெருமைவேறு பட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். அவள் இறையழைப்பு என்று நம்புகிறாள். மடத்துச் செலவில் பி.ஏ. முடிக்கலாம் என்றுதான் நான் வந்தேன். உன்னை அங்கே டிரெய்னி என்கிறார்கள், என்னை இங்கே நோவிஸ் என்கிறார்கள். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: கேட்காதே, காலம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்.

நீ அக்டோபரில் கேட்டதற்கு இப்போது எழுதுகிறேன்.

சங்கரநாராயணன் டர்ன்ட் ஆஃப் தி சென்சார் வித் ஹிஸ் கீ. தி பிரஸ் கேம் டவுன் ஆன் தமிழ்வாணன்ஸ் ஹேண்ட்.

சங்கரநாராயணன் தன் சாவியால் சென்சாரை அணைத்தார். தமிழ்வாணனின் கைமேல் பிரஸ் இறங்கியது. தாமதம்தான். எங்கே எழுதலாம் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அந்த மெஷினில் உன்னைப் போட்டால் ஓட்டாதே.

அக்கா

*

வல்லம்
8 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இன்றைக்கு அமல உற்பவ மாதா திருநாள். உனக்கு வாழ்த்து. உன் கடித உறையில் இருந்த செல்லம்மாள் விலாசத்துக்கே இதை அனுப்புகிறேன், மதர் கண்ணில் படாது; ஒன்றையும் மறைத்து எழுதவில்லை. வீட்டில் எல்லாரும் நலம். எனக்கு வேலை இல்லை.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு முதலில் தமிழ்வாணனிடம்தான் போனேன். என்கொயரி அவனுக்கு எதிராக முடிந்து, ரூமைக் காலி செய்ய மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். நான் எழுதிய ஸ்டேட்மென்ட்டை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். மூட்டைக் கயிற்றைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டான். பிறகு, "பொத்தானத் தொடலன்னு சொன்னேனேலே, அது எங்க போச்சு?" என்றான். எழுதவில்லை என்றேன். "போயிருலே" என்றான். போய்விட்டேன்.

மறுவாரம் கார்டு எழுதுகிற நாள். லைன் வழக்கம்போல என் டேபிளுக்கு வந்தது. உன் இரண்டு வாக்கியத்தையும் எழுதி நடுவில் வைத்தேன். "டேய், இன்னாடா, அவர் பேரெல்லாம் கீது?" என்றான் ஒருவன். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அர்த்தத்தைத் தமிழில் படித்துக் காட்டினேன். யாருக்கும் புதுச் செய்தி இல்லை. எல்லார் கண்ணெதிரிலும்தானே அந்தச் சாவி திரும்புகிறது. "இத எழுதினா இன்னா ஆவும்?" தெரியாது என்றேன். "டிபன் பாக்ஸ் குடுக்க மாட்டானுங்க, அது மட்டும் தெரியும்" என்று ஒருவன் சொல்ல, சிரித்தார்கள். சிலர் பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறவன் போனான், அவனைக் குறை சொல்ல மாட்டேன். பாதிப் பேர் எழுதினார்கள். அவரவர் கையெழுத்தில், அதே இரண்டு வாக்கியம். பெட்டியில் போட்டோம்.

மறுநாள் பெட்டி இல்லை. புதுப் பெட்டி, புதுக் கார்டு. அதில் எழுத இடமே இல்லை. படங்கள்தான். வழுக்குகிற ஆள், விழுகிற பெட்டி, தீப்பொறி. நமக்குப் பொருந்துகிற படத்துக்கு எதிரில் டிக் அடித்தால் போதுமாம். தேடிப் பார்த்தேன். சாவி படம் இல்லை.

அதற்கடுத்த நாள் கேட்டில் என் அட்டையைத் தேய்த்தால் சிவப்பு எரிந்தது. தடுத்த செக்யூரிட்டிக்கு அப்பா வயது இருக்கும். அவருக்கும் கால் வீங்கித்தான் இருந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்றார். எழுதிய மற்றவர்களை வேறு வேறு ஷிஃப்ட்டில் பிரித்துப் போட்டுவிட்டார்கள். சங்கரநாராயணன் அதே இடத்தில்தான் இருக்கிறார். சாவியும் அதே பாக்கெட்டில்.

கார்டுச் செய்தி எனக்கு முன்னாலேயே வல்லத்துக்கு வந்துவிட்டது. தமிழ்வாணன் போன் பண்ணினான். "மூட்டையப் பிரிச்சிட்டேன். வா" என்றான்.

இன்று காலையிலிருந்து அவன் ரூமில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் நாளைக்கு மனு கொடுக்கப் போகிறோம். வாங்குவார்களா என்று தெரியாது. தமிழிலேயே கொடுக்கலாம், மனுவை நான் தமிழில் எழுதியும் விட்டேன். ஆனால் கம்பெனி என் ஸ்டேட்மென்ட்டைத்தான் காட்டும் என்று அவனுக்குத் தெரிகிறது. "நாங் கையெழுத்துப் போட்டது இங்கிலீஷுலதான? அதுக்குப் பதிலும் இங்கிலீஷுலதாம்லே இருக்கணும். நீ எழுதாண்டாம். ஒவ்வொரு சொல்லும் இன்னதுன்னு எனக்குச் சொல்லு. நான் எழுதுதேன்" என்றான்.

சொன்னேன். முதலில் ஆள், பிறகு அவன் செய்தது, பிறகு எதால், எதன்மேல். இரண்டாவது தடவை அவனே திருப்பிச் சொன்னான். சங்கரநாராயணன் பெயரில் எத்தனை எழுத்துலே என்று திட்டிக்கொண்டே, இடது கையால், கோணலாக, ஒவ்வொன்றாக எழுதினான். அந்த இரண்டு வாக்கியத்துக்கு ஒரு பக்கம் பூராவும் ஆகிவிட்டது. கடைசிச் சொல்லில் பேனா நழுவியது. பிடித்துக்கொள்ளலாம் என்று நான் தாள்மேல் கையை நீட்டினேன்.

"கைய எடுலே" என்றான்.

எடுத்துவிட்டேன்.

உன் தம்பி
ஃபிரடி